கேள்வி வருவதற்கு முன்னால்

(தஞ்சாவூரில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வன்கொடுமை பற்றிப் பேசச் சொல்வார்கள், இடஒதுக்கீடு பற்றிப் பேசச் சொல்வார்கள். "முகம் தெரியாதவர்களின் அன்பு" என்று தலைப்புக் கொடுத்து என்னை அழைத்தது இதுதான் முதல் தடவை. சாதி ஒழிப்புக் கூட்டத்தில் அன்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். சாதி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது என்பது என் கருத்து.

குடும்பத்தில் திடீரென்று ஓர் ஆபத்து. அப்பா மயங்கி விழுகிறார். பிள்ளை தொலைந்துபோகிறது. கடிதம் போய்ச் சேராததால் குழந்தைகள் நடுவழியில் நிற்கிறார்கள். சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லை. அந்த நேரத்தில் கை கொடுக்கப் போகிறவர் முன்பின் தெரியாத ஒருவர்தான். அவர் கொடுப்பாரா? கொடுத்தால் எவ்வளவு நேரம் கொடுப்பார்?

நம் டெல்டாவில் "முன்பின் தெரியாதவர்" என்று ஒருவர் நெடுநேரம் இருக்க முடியாது. பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலே மூன்று கேள்விகள் வரும். எந்த ஊரு? ஊர்ல எங்க? யாரு வீட்டுப் புள்ள? முதல் கேள்வி பேச்சுத் துணைக்கு. இரண்டாவது கேள்வியில் தெரு தெரிந்துவிடும். மூன்றாவது, தெரிந்ததை உறுதி செய்துகொள்வதற்கு. சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று வரப்புப் போட்டுப் பிரித்து வைத்திருக்கும் பூமியில் முகவரியே சாதிச் சான்றிதழ்தான்.

ஆகவே இன்றைக்கு நான் சொல்ல வருவது ஒரே ஒரு செய்தி. முகம் தெரியாதவர்களின் உதவி நம் மண்ணில் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி எப்போது வருகிறது, பதில் தெரிந்த பிறகு அந்த உதவி என்ன ஆகிறது என்று பாருங்கள். சாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நம்மிடம் உள்ள முதன்மையான சாட்சியம் பாபாசாகேப் அம்பேத்கர் எழுதியது. 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற அவருடைய நினைவுக் குறிப்புகளில் முதலாவதாக வருவதே ஒரு குடும்பப் பயணம்தான். அது ஏறத்தாழ 1901இல் நடந்தது. அம்மா இறந்துவிட்டார். குடும்பம் சத்தாராவில் இருக்கிறது. அப்பா ராம்ஜி, பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு குளம் வெட்டிக்கொண்டிருந்த கோரேகான் என்ற இடத்தில் காசாளர். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே வரச் சொல்லியிருக்கிறார். அம்பேத்கருக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். அண்ணன், அக்கா பிள்ளை என்று உடன் போனவர்களும் சிறுவர்கள்தான். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி என்று ஒரே கொண்டாட்டமாகக் கிளம்புகிறார்கள்.

மசூர் ரயில் நிலையத்தில் மாலை ஐந்து மணி போல இறங்குகிறார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. வருகிற நாளைக் குறித்து அவர்கள் எழுதிய கடிதம் அப்பா கைக்குப் போகவே இல்லை. வேலையாள் செய்த கவனக்குறைவு. எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடிய சங்கடம்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் தானாக வந்து விசாரிக்கிறார். உடுப்பைப் பார்த்து மேல்சாதிப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். யார் நீங்கள் என்று கேட்கிறார். சிறுவன் யோசிக்காமல் "மகர்" என்று சொல்லிவிடுகிறான். அந்த மனிதருடைய முகம் மாறுகிறது. ஒன்றும் பேசாமல் தன் அறைக்குத் திரும்பிப் போய்விடுகிறார்.

இந்த நிகழ்வைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரை மணி நேரம் கழித்து அதே ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பி வருகிறார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறார். மாட்டுவண்டிக்காரர்களிடம் பிள்ளைகளுக்காக அவரே பேசிப் பார்க்கிறார். இரட்டைக் கூலி தருகிறோம் என்று சொல்லியும் ஒருவரும் மசியவில்லை. கடைசியில், உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று பிள்ளைகளைக் கேட்டு ஒரு வழி கண்டுபிடிக்கிறார். பிள்ளைகள் வண்டியை ஓட்டுவார்கள், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார், கூலி இரட்டிப்பு. ஒருவர் ஒப்புக்கொள்கிறார். கையில் சோறு இருந்தது. ஆனால் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இரவு முழுக்கத் தாகத்தோடும் பட்டினியோடும் பயத்தோடும் கிடந்து மறுநாள் முற்பகலில்தான் போய்ச் சேர்கிறார்கள்.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கல்நெஞ்சக்காரர் இல்லை. இரக்கம் இருந்ததால்தான் திரும்பி வந்தார். ஆனால் ஏற்பாடு செய்யும்போதுகூட, வண்டிக்காரர் தீட்டுப்படாமல் இருக்க ஒரு வழியைத்தான் அவரால் யோசிக்க முடிந்தது. இரக்கம் சாதியை மீறவில்லை. சாதிக்கு இடைஞ்சல் வராத அளவுக்கு இரங்கியது.

அதே குறிப்புகளில் இன்னொரு குடும்பம் வருகிறது. கத்தியவாரில் தீண்டத்தகாதவராக நடத்தப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்குக் காய்ச்சல் கண்டு முற்றிவிட்டது. அவர் எழுதிய கடிதம் 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வெளியானது. மருத்துவர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். நோயாளியை வெளியே கொண்டுவந்த பிறகு, தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வரிசையில் அது திரும்பிப் போகிறது. நோயாளியை மருத்துவர் தொடவே இல்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.  மருத்துவர் வந்தார், பார்த்தார், மருந்தும் கொடுத்தார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, மகாராஷ்டிரா, குஜராத் என்று எங்கேயோ நடந்தது என்று சொல்லலாம். அதனால் நம் ஊருக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. குறுவை அறுவடை நேரம். என் அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு நாளாக நெஞ்சில் ஏதோ பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவரிடம் காட்டலாம் என்று மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் அரசுப் பேருந்தில் நானும் தம்பியும் கூட்டிக்கொண்டு போனோம். வடுவூர் தாண்டியதும் அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. தம்பி அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அவன் அழ ஆரம்பித்தான்.

அந்தப் பேருந்துக்குள் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. நடத்துநர் ஓட்டுநரிடம் ஒரு சத்தம் கொடுத்தார். இனி எந்த நிறுத்தத்திலும் நிற்காது, இறங்க வேண்டியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பூக்கூடையோடு வந்த ஓர் அம்மா அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்லூரிப் பையன் ஒருவன் ரெக்கார்டு நோட்டால் விசிறிக்கொண்டே வந்தான். பேருந்து மருத்துவமனை வாசலுக்கே போய் நின்றது. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதில் ஒருவர் என் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்துவிட்டு, "வச்சுக்கம்மா, ஆட்டோ கீட்டோ வேணும்" என்று சொல்லிப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். அவர் பெயர் தெரியாது. என் பெயரும் அவருக்குத் தெரியாது.

யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. அவசரம் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டது.

வார்டுக்குப் போன பிறகு நேரம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அவருடைய மனைவி நல்ல அம்மா. முதல் நாள் இரவு அவர் பிளாஸ்கிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றித் தந்த காபியைத்தான் நானும் தம்பியும் குடித்தோம். தம்பிக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். நான் கீழே மருந்து வாங்கப் போனால் அப்பாவைப் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் சாவகாசமாகப் பேச்சு ஆரம்பித்தது.

"எந்த ஊரும்மா நீங்க?"

சொன்னேன்.

"அட, எங்க நாத்தனாரைக் குடுத்த ஊரு. ஊர்ல எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன்.

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பேச்சும் நிற்கவில்லை. அப்பாவைப் பற்றித் தொடர்ந்து விசாரித்தார். அன்று மாலையும் காபி வந்தது. பேப்பர் கப்பில் வந்தது. அவர்கள் வீட்டு ஆட்களுக்கு அதே பிளாஸ்கிலிருந்து டம்ளரில்தான் ஊற்றினார். அதற்காகவே கடைக்கு ஆள் அனுப்பிப் பேப்பர் கப் வாங்கி வரச் செய்திருக்கிறார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். எனக்கு அந்த அம்மா மேல் இன்றைக்கும் கோபம் இல்லை. அவர் எங்களுக்குச் செய்தது உண்மையான உதவி. ஆனால் மசூர் ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பேப்பர் கப் என் நினைவுக்கு வந்துவிடும். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். அன்பாகக் கொடுக்கும் காபியில் இரட்டைக் குவளை வந்தால் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

ஒரு குடும்பத்துக்கு ஆபத்து வந்தபோது நடந்தது இது. ஒரு மாவட்டத்துக்கே ஆபத்து வந்தபோதும் இதே வரிசையில்தான் நடந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்று கடற்கரை நெடுக ஒரே ஓலம். அன்றைக்கு ஓடியவர்கள் யார் பிள்ளை என்று பார்த்துத் தூக்கவில்லை. கைக்கு எட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வடக்கே பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் சுற்றுவட்ட மீனவ மக்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்தன.

சில நாட்கள் போயின. முகாம்களில் வரிசை ஒழுங்கானது. ஒழுங்கானதும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. தலித் குடும்பங்கள் முகாம்களில் ஒதுக்கி வைக்கப்பட்டதையும், பொதுத் தண்ணீர்த் தொட்டியில் பிடிக்கவிடாமல் தடுக்கப்பட்டதையும், நிவாரணப் பட்டியலில் விடுபட்டுப் போனதையும் அப்போதே பத்திரிகைகளும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்தன. தடுத்தவர்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள்தான், ஏழைகள்தான். கடல் வீட்டை அடித்துக்கொண்டு போனது, சாதியை அடித்துக்கொண்டு போகவில்லை.

அதே நாட்களில் நாகப்பட்டினத்துக்கு வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அழுக ஆரம்பித்துவிட்ட உடல்களை இடிபாடுகளுக்கு அடியிலிருந்தும் முள்வேலியிலிருந்தும் எடுத்துக் குழியில் இறக்கியவர்கள் அவர்கள்தான். ஏறத்தாழ எல்லோரும் தலித்துகள். பலருக்குக் கையுறை இல்லை, காலணி இல்லை. உறவினர்களே கிட்டே போக முடியாத நிலையில் இருந்த உடல்களை அவர்கள் தொட்டுத் தூக்கினார்கள். எந்தத் தெரு என்று அவர்கள் கேட்கவில்லை. செத்தவர் உயிரோடு இருந்திருந்தால் தங்களுக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுத்திருப்பார் என்றும் கேட்கவில்லை.

இதைக் கேட்டவுடன் நமக்கு நெகிழ்ச்சி வரும். நான் அந்த நெகிழ்ச்சியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்கிறேன். அவர்கள் தொண்டு செய்ய விருப்பப்பட்டு வரவில்லை. பிணத்தைத் தூக்குவது இவர்கள் வேலை என்று சாதி எழுதி வைத்திருக்கிறது, அதனால் அரசு அவர்களை லாரியில் ஏற்றி அனுப்பியது. அந்தக் கட்டாயத்துக்குள்ளேயும் அவர்கள் காட்டிய மரியாதை அவர்களுடையது. அந்தக் கட்டாயம் நம்முடையது. "கடவுள் மாதிரி வந்தார்கள்" என்று கும்பிட்டுவிட்டுக் கையுறை கொடுக்காமல் அனுப்பும் சமூகம் நன்றியுள்ள சமூகம் ஆகாது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்து பணிப் பாதுகாப்புக் கேட்டார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பேரிடரில் நமக்குக் கை கொடுத்தவர்கள் கேட்டதே அவ்வளவுதான்.

விவிலியத்தில் நல்ல சமாரியர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கள்வர்கள் அடித்துப் போட்ட ஒருவன் வழியில் கிடக்கிறான். குரு ஒருவர் விலகிப் போகிறார். ஆலயப் பணி செய்யும் குலத்தைச் சேர்ந்தவரும் விலகிப் போகிறார். நின்று காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கட்டியவர் ஒரு சமாரியர். சமாரியர்கள் யூதர்களால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். இதை அன்புக் கதையாக மட்டும் சொல்லிச் சொல்லி, ஒதுக்கப்பட்டவன் கேட்காமல் செய்ததை ஒதுக்கியவர்கள் செய்யவில்லை என்ற பகுதியை நாம் மறந்துவிட்டோம்.

அந்தப் பெயரில்தான் இன்று நம்மிடம் சட்டமே இருக்கிறது. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வந்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயத்தால் எத்தனையோ பேர் விலகிப் போனார்கள். அதைப் போக்க உச்ச நீதிமன்றம் 2016இல் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2020இல் வந்த விதிகளின்படி, உதவி செய்தவரைத் தன் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. மதம், தேசம், சாதி, பாலினம் பார்க்காமல் அவரை மரியாதையாக நடத்த வேண்டும். முகம் தெரியாதவராகவே இருந்துவிட்டுப் போகும் உரிமையைச் சட்டம் கொடுக்கிறது. உதவி பெறுகிறவருக்கும் அதே உரிமை வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

அந்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாக எப்படி வந்தது என்று பாருங்கள். பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் போராடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வேன் என்று இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியனார் உத்தரவு போட வேண்டியிருந்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அந்த எண்ணுக்கு அழைத்தால் எங்கே வர வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. தஞ்சாவூரின் பழைய அரசு மருத்துவமனையின் பெயர் இராசா மிராசுதார் மருத்துவமனை. பெயரில் ராசாவும் இருக்கிறார், மிராசுதாரும் இருக்கிறார். பண்ணையாளின் பேத்தி இன்று அங்கே பிரசவத்துக்குப் போவது மிராசுதாரின் கருணையால் அல்ல, உரிமையால்.

என் அப்பா சாய்ந்தபோது அந்தப் பேருந்தில் நாங்கள் எல்லோரும் ஒரே இருக்கை வரிசையில் இருந்தோம் என்றால், அதற்குப் பின்னால் நூறு வருடப் போராட்டம் இருக்கிறது. ஒரே வண்டியில் ஏற விடாத காலத்தில் அந்தப் பூக்கார அம்மாவின் மடிக்கு அப்பாவின் தலை போயிருக்காது. அன்பு தானாகச் சுரக்கும் என்கிறார்கள். சுரக்கலாம். ஆனால் மனிதர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காரும் இடத்தை இயக்கங்களும் சட்டமும்தான் உண்டாக்கின. சாதி பொது உணர்வைக் கொன்றுவிட்டது, தரும சிந்தனையைக்கூடத் தன் சாதிக்குள் சுருக்கிவிட்டது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் வாதிட்டதும் இதையொட்டித்தான்.

ஆகவே இளம் தோழர்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. ஆபத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்றால் போன் நம்பர் கேளுங்கள், அது போதும். பேச்சுக்குத்தானே கேட்டோம் என்று நீங்கள் நினைக்கலாம். கேட்கப்படுகிறவருக்கு அது பேச்சு இல்லை. பதில் சொல்வதற்கு முன் அவர் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இரண்டு. உங்கள் வீட்டில் யார் யாருக்கு உதவி செய்கிறார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பாத்திரத்தில் கொடுக்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்திக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நம் வீடுகளில் நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த நல்லவர்களோடுதான் இந்தச் சண்டையைப் போட வேண்டியிருக்கிறது. கெட்டவர்களோடு போடுவதைவிட இது கடினம்.

மூன்று. அடுத்த புயலோ வெள்ளமோ வரும்போது நீங்களும் நிவாரணப் பொருள் திரட்டுவீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் தென்னை மரங்கள் சாய்ந்து கிடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். நிவாரண லாரி எப்போதும் மெயின் ரோட்டில்தான் நிற்கும். மெயின் ரோட்டில் இருப்பது ஊர். காலனி உள்ளே இருக்கும். லாரியை உள்ளே ஓட்டிக்கொண்டு போங்கள். பட்டியலை முதலில் அங்கே எழுதுங்கள். குப்பை அள்ளவும் உடல்களைத் தூக்கவும் வருகிறவர்களுக்குக் கையுறையும் கூலியும் தங்குமிடமும் கிடைத்ததா என்று மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள்.

முகம் தெரியாதவர்கள் நமக்குக் கை கொடுக்கும் அந்த முதல் பத்து நிமிடங்கள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. மனிதர்களால் அப்படி இருக்க முடியும் என்பதற்கு அவை ஆதாரம். சாதி மனித இயல்பு என்று சொல்கிறவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய பதிலும் அவைதான். பத்து நிமிடம் முடிகிறதென்றால் பதினோராவது நிமிடமும் முடியும். அந்தப் பதினோராவது நிமிடத்துக்காகத்தான் நாம் இயக்கம் நடத்துகிறோம்.

 ஜெய் பீம்.